ஏற்பவள்

ஒரு வினாவுக்கு விடை சொல்லுமுன், அவ்வினா செம்மையாகக் கேட்கப்பட்டிருக்கின்றதா என்று பார்ப்பது ஆசிரியத் தொழிலின் முதற்கடமை. பிழையான வினாவுக்குப் பிழையற்ற விடை இருக்க முடியாது என்று என் ஆசிரியப் பெருமக்கள் எனக்குப் பலகாலும் சொல்லியிருக்கின்றார்கள். நானும் என் மாணவர்களுக்குச் சொல்லி வருகின்றேன். அக்கடமையில் நான் தவறிய ஒரு நிகழ்ச்சியை முன்வைத்தே இக்கட்டுரையை எழுதப் புகுகின்றேன். தவறியவன் நானே ஆகையால், வாசக அன்பர்கள் இதனை ஓர் அறிவுரையாகக் கொள்ளாமல், நெடுநாள் நிலுவையில் நின்ற ஒரு கணக்கைத் தீர்ப்பதாகக் கொள்ளுமாறு வேண்டுகின்றேன்.

2004ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அரபுக் கல்லூரியில் என்னிடம் மூன்றாண்டுகள் இலக்கணம் பயின்று, பின்னர் குடும்பச் சூழ்நிலை காரணமாக ஓதலை நிறுத்திவிட்டுக் கடல் கடந்தவர். இலண்டனின் தென்கிழக்கே பெக்கம் என்னும் வட்டாரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் நான்காம் மாடியில், இரண்டு சிறு அறைகளில் மனைவியோடு வாழ்ந்து வந்தார். கடையொன்றில் இரவு வேலை. மனைவிக்குத் தலைப்பேறு. அவ்வட்டாரத்தில் வீட்டுக்கே வந்து பேறு பார்க்கும் மருத்துவச்சியர் குழு ஒன்று இருப்பதாகவும், மனைவி அவர்களிடமே மாதந்தோறும் காட்டி வருவதாகவும், வீட்டிலேயே பெற்றுக்கொள்ளலாம் என்னும் எண்ணம் அவளுக்குத் தோன்றியிருப்பதாகவும் எழுதிவிட்டு, இறுதியில் இப்படிக் கேட்டிருந்தார்: “ஹஜ்ரத், பெரிய ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கும்போது வீட்டில் பெற்றெடுப்பது தகுமா? அது உயிரைப் பணயம் வைப்பது ஆகாதா?”

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் ஆசிரியனாக இருப்பவனுக்கு எல்லா வினாவும் எளிதாகவே தோன்றும். நன்மையை ஈட்டுவதினும் தீமையைத் தடுப்பதே முற்பட வேண்டும் என்று சட்ட நூலார் கொண்ட நெறியை ஒரு வரியிலும், ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய நபிமொழியை மறு வரியிலும் எடுத்துக்காட்டி, “தகாது, மருத்துவமனைக்கே அழைத்துச் செல்க” என்று நான்கே வரிகளில் விடை எழுதி அனுப்பிவிட்டேன். கடிதம் போய்ச் சேருமுன் அதனை மறந்தும் விட்டேன்.

அவ்விடையில் நெறிநூல் பேசியதைக் காட்டிலும் என் வீட்டுத் துயரமே மிகுதியாகப் பேசியது என்பதை இன்று ஒப்புக்கொள்கின்றேன். எனக்கு இரண்டாண்டு மூத்தவனாக ஒரு தமையன் பிறந்தான். கடற்கரையூரில், எங்கள் வீட்டு உள்ளறையில், மருத்துவச்சியின் கையில் பிறந்து, ஒரு நாழிகைகூடத் தங்காமல் போய்விட்டான். பெயர் சூட்டப்படாத அவனை வீட்டில் எல்லாரும் “காக்கா” என்றே எனக்குச் சொல்லி வளர்த்தார்கள். உருவமறியாத அந்தக் காக்காவை நினைத்துக்கொண்டுதான் நான் இலண்டனுக்கு விடை எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து இரண்டாம் கடிதம் வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். “ஹஜ்ரத் சொன்னபடி ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது, ஆனால் ஹஜ்ரத் சொன்ன காரணத்தினால் அல்ல” என்று தொடங்கி, நடந்ததை அவர் விரிவாக எழுதியிருந்தார். வலி கண்ட இரவில், மாதந்தோறும் வந்து பழகிய அதே மருத்துவச்சி நான்காம் மாடி ஏறி வந்தாள். இரவு முழுதும் உடனிருந்தாள். விடியற்காலையில், பேறு முன்னேறவில்லை, குழந்தையின் நெஞ்சுத் துடிப்பிலும் தனக்கு நிறைவில்லை, இனி இங்கே இருத்தல் ஆகாது என்று அவளே சொன்னாள். ஊர்தியை அழைத்தவளும் அவளே. உடன் ஏறிச் சென்றவளும் அவளே. மருத்துவமனையில் மருத்துவர்கள் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தபோதும் தாயின் தலைமாட்டில் நின்றவள் அவள்தான். கடிதத்தின் அடியில், தம் மனைவி கேட்கச் சொன்னதாக ஒரு வரி இருந்தது: “வீடா, ஆஸ்பத்திரியா என்று உங்கள் ஹஜ்ரத் எழுதியிருக்கின்றாரே, என்னோடு யார் இருப்பார்கள் என்று ஏன் கேட்கவில்லை?”

அந்த ஒரு வரிக்கு நான் விடை எழுதவில்லை. குழந்தைக்கு துஆச் செய்து வாழ்த்து மட்டும் எழுதினேன். ஆனால் அவ்வினா என்னை விடவில்லை. அன்று தொட்டு, அந்த மருத்துவச்சியர் யார், அவர்கள் செய்த பணி எத்தகையது என்று, கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்து வந்திருக்கின்றேன்.

பெக்கம் என்பது இலண்டனின் சதக் என்னும் மாநகர்ப் பகுதியைச் சேர்ந்தது. மேற்கிந்தியத் தீவினர், நைஜீரியர், சியாரா லியோனியர் எனப் பல நாட்டு மக்கள் நெருங்கி வாழும் ஏழை வட்டாரம். ஏழைமையில் பேர்பெற்ற இவ்வட்டாரம் இன்னொன்றினாலும் பேர்பெற்றது. 1926ஆம் ஆண்டில் ஸ்காட் வில்லியம்சன், இன்னஸ் பியர்ஸ் என்னும் இரு மருத்துவர்கள், நோயை ஆராய்வதற்கு மாறாக நலத்தை ஆராய்வது என்று ஒரு நிலையத்தை இங்கே தொடங்கினார்கள். 1935இல் அதற்கென்றே எழுப்பிய கட்டடத்தின் நடுவே ஒரு நீச்சற்குளம் இருந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் சிறு கட்டணம் செலுத்தி உறுப்பினராகி, அங்கே கூடிப் பழகி, உடல்நலமும் பார்த்துக்கொண்டார்கள். 1950இல் அந்நிலையம் மூடப்பட்டது. அதே பெக்கத்தில், ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், நீச்சற்குளமும் உடற்பயிற்சிக் கூடமும் கொண்ட மற்றொரு பொதுக் கட்டடத்தில்தான் நான் சொல்லவந்த மருத்துவச்சியர் தம் இருப்பிடத்தை அமைத்துக்கொண்டனர். ஆல்பனி மருத்துவச்சியர் குழு என்பது அதன் பெயர். 1997 முதல் 2009 வரை, கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் அது இயங்கியது.

அவர்கள் செய்த ஏற்பாட்டைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இவ்விவகாரத்தின் உயிர்நிலை அதிலேதான் இருக்கின்றது. பெரும் மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண் முறைவைத்துப் பல தடவை போவாள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு முகத்தைக் காண்பாள். பேற்றுக்கட்டிலில் அவள் காண்பது அதுவரை காணாத இன்னொரு முகம். பெக்கத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு மருத்துவச்சி உரியவள். அவளுக்குத் துணையாக மற்றொருத்தி. ஒரு மருத்துவச்சி ஆண்டொன்றுக்கு முதற்பொறுப்பாக ஏறத்தாழ 36 தாய்மார்களை மட்டுமே ஏற்பாள். கருவுற்ற நாள் முதல் பிள்ளை பெற்றுச் சில வாரங்கள் செல்லும் வரையில் அந்த ஒருத்தியே வருவாள். வலி கண்டால் நடு இரவானாலும் தாய் அழைப்பது அவளைத்தான். எளிய பேறு இவர்களுக்கு, சிக்கலான பேறு மற்றவர்களுக்கு என்று பிரித்துக்கொள்ளவும் இல்லை. தம் வட்டாரத்தில் வருகின்ற எல்லாப் பெண்களையும் ஏற்றார்கள். முன்னரே பெற்ற தாய்மார்கள் திரும்பி வந்து, இனிப் பெறப்போகும் தாய்மார்களிடம் தம் அனுபவத்தை எடுத்துச் சொல்லும் கூட்டங்களும் நடந்தன.

எனக்கு மிகவும் வியப்பளித்தது வேறொன்று. வீட்டிலா, மருத்துவமனையிலா என்னும் முடிவை அவர்கள் முன்கூட்டியே கேட்டுப் பதிந்துகொள்ளவில்லை. மருத்துவமனையே வேண்டுமென்று வற்புறுத்தும் காரணம் உடலில் இல்லாதவரை, வலி கண்ட பிறகு மருத்துவச்சி வீட்டுக்கு வந்து பார்ப்பாள். அப்போது தாயின் உடலும் மனமும் எதைச் சொல்கின்றனவோ அதன்படி முடிவு செய்யலாம். என் மாணவரும் நானும் இரண்டு கடிதங்களில் வாதிட்டுக்கொண்ட வினாவை அவர்கள் வினாவாகவே வைத்துக்கொள்ளவில்லை என்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

அப்பன்னிரண்டு ஆண்டுகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 2017ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2,568 தாய்மார்கள், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவரும் பிற சிறுபான்மையினரும். நூற்றுக்கு 43 பேருக்கு மேல் வீட்டிலேயே பெற்றனர். அக்காலத்தில் அந்நாடு முழுவதற்குமான விகிதம் நூற்றுக்கு இரண்டு மூன்று மட்டுமே. ஆயுதமோ அறுவையோ இன்றி இயல்பாகப் பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ 80 பேர். பத்தில் ஒன்பது தாய்மாருக்கு மேல் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கினர். இறந்த குழந்தைகளும் அக்கணக்கில் உண்டு. எந்தப் பேற்றுக் கணக்கிலும் அது இல்லாமல் இருப்பதில்லை. ஆய்வாளர்களுள் ஒருவர் இக்குழு தோன்றுவதற்கு முன்னோடியாக இருந்த பணியில் ஈடுபட்டிருந்தவர் என்பதையும் சொல்லிவிடுகின்றேன். சாட்சியத்தில் சாட்சிக்குரிய பற்று யாது என்று பார்ப்பது எங்கள் பாடத்தின் பழக்கம். பற்று இருப்பதனாலேயே சாட்சியம் பொய்யாகிவிடாது. ஆனால் கேட்பவர் அதனை அறிந்தே கேட்க வேண்டும்.

வீட்டில் பெறுவது ஆங்கில நாட்டுக்குப் புதுமையன்று. 1902இல் மருத்துவச்சியருக்கென்று ஒரு சட்டம் இயற்றி, பயிற்சியும் பதிவும் பெற்றவரே அத்தொழிலைச் செய்ய வேண்டும் என்று விதித்த நாடு அது. 1960ஆம் ஆண்டளவில்கூட மூன்றில் ஒரு குழந்தை வீட்டிலேயே பிறந்தது. 1970இல் பீல் குழுவின் அறிக்கை எல்லாப் பேறும் மருத்துவமனையிலேயே நடக்க வசதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது; 1980களின் பிற்பகுதியில் வீட்டுப் பேறு நூற்றுக்கு ஒன்றாகிவிட்டது. மருத்துவமனைக்கு மாறிய காலத்திலேயே குழந்தை இறப்பும் குறைந்தது ஆகையால், மாற்றமே காரணம் என்று எல்லாரும் நம்பினர். மார்ஜரி டியூ என்னும் அம்மையார் நாட்டிங்காமில் மருத்துவ மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பித்தவர். 1970களில் பாடப் பயிற்சிக்காக அந்த எண்களை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபோது, அவை அந்நம்பிக்கையைத் தாங்கவில்லை என்பதைக் கண்டார். பாடம் நடத்தப்போன ஆசிரியை ஒருவர் பாடத்தையே ஐயுற்ற அந்த வரலாற்றை நான் என் மாணவர்களுக்கு அடிக்கடி சொல்வதுண்டு. பின்னர் 1992இல் நாடாளுமன்றக் குழுவொன்றும், எல்லாப் பெண்களையும் மருத்துவமனைக்கே அனுப்பும் கொள்கைக்குப் பாதுகாப்பைக் காரணம் காட்ட இயலாது என்று கூறியது. பெக்கத்து மருத்துவச்சியருக்கு வழி திறந்தது அக்காலத்துச் சூழ்நிலையே.

இனி, நான் நான்கு வரியில் எழுதிய நெறியை எடுத்துக்கொள்வோம். தீமையைத் தடுப்பதே முற்பட வேண்டும் என்பது உண்மை. ஆயின் தீமை ஒரு பக்கத்தில் மட்டும் நின்றுகொண்டிருந்தால்தான் அந்நெறி எளிதில் வழிகாட்டும். இங்கே எது எங்கே நிற்கின்றது?

2011ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளியான பெரியதோர் ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகின்றது. உடலில் சிக்கல் ஏதுமில்லாத ஏறத்தாழ 64,500 தாய்மார்களைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு அது. இரண்டாம் பேறும் அதற்குப் பிற்பட்ட பேறுகளும் எனில், வீட்டில் பெறத் திட்டமிட்டவர்க்கும் மருத்துவமனையில் பெறத் திட்டமிட்டவர்க்கும் குழந்தையின் நலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. தாய்க்கு நேரும் அறுவை முதலியனவோ வீட்டில் பெறத் திட்டமிட்டவரிடையே குறைவாக இருந்தன. தலைப்பேறு எனில் கதை வேறு. மருத்துவமனையில் பெறத் திட்டமிட்டவருள் ஆயிரத்துக்கு 5.3 குழந்தைகளுக்கும், வீட்டில் பெறத் திட்டமிட்டவருள் ஆயிரத்துக்கு 9.3 குழந்தைகளுக்கும் பெருந்தீங்கு நேர்ந்தது. பெருந்தீங்கு என்பதில் இறப்பும் உண்டு, மூளைக்கு நேரும் ஊறும் உண்டு, பிறக்கும்போது எலும்பு முறிவதும் உண்டு. எல்லாம் சேர்த்த எண் அது. அன்றியும், தலைப்பேற்றுக்காரர்களுள் நூற்றுக்கு 45 பேர் வீட்டில் தொடங்கி, பேற்றின்போதோ அதற்குப் பின்னரோ மருத்துவமனைக்கு மாற வேண்டியிருந்தது.

ஆயிரத்தில் நான்கு அதிகம். அதனைச் சிறிய எண் என்று தள்ளிவிடுவோர் உளர். அதனை ஒன்றையே பிடித்துக்கொண்டு வாதத்தை முடித்துவிடுவோரும் உளர். எனக்கு இரண்டும் இயலவில்லை. அந்நால்வருள் ஒருவனாக என் காக்கா இருந்தால் அவனுக்கு முன்னே நின்றுகொண்டு “நீ சிறிய எண்” என்று சொல்ல என்னால் ஆகாது. தாயின் விருப்பம், தாயின் மானம், தாயின் அமைதி என்றெல்லாம் பேசுகின்றவர்கள், பேசவியலாத இன்னோர் உயிரும் அவ்வறையில் இருக்கின்றது என்பதை மறக்கலாகாது. மறுபக்கத்தில், மீதமுள்ள ஆயிரம் தாய்மாருக்கு வேண்டாத கத்தியும், வேண்டாத தனிமையும், அடுத்த பேற்றிலும் தொடரும் தழும்பும் நேர்வது தீமையே அன்று என்று எந்த நெறிநூல் சொல்கின்றது? சிறிதாகிப் பலருக்கு நேரும் தீமை, பெரிதாகிச் சிலருக்கு நேரும் தீமை, இவ்விரண்டில் எதனைத் தடுப்பது முற்படும் என்று ஒரு தராசில் நிறுத்துச் சொல்லும் அறிவு எனக்கில்லை. அத்தராசைப் பிடிக்கும் கை யாருடையதாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி மட்டும் எனக்கு ஒரு கருத்து உண்டு. நான்காம் மாடிக்கு ஒருநாளும் ஏறிப் பார்க்காத என் கையாக அது இருந்திருக்கக் கூடாது.

அரபு மொழியில் மருத்துவச்சிக்குக் காபிலா என்று பெயர். ஏற்பவள் என்பது அதன் பொருள். வரலாற்றுத் தத்துவம் கண்ட இப்னு கல்தூன், தம் முகத்திமாவில் தொழில்களைப் பற்றிப் பேசுமிடத்து மருத்துவச்சித் தொழிலுக்கென்று தனியே ஓர் இயல் வகுத்திருக்கின்றார். தாய் குழந்தையைக் கொடுக்கின்றாள், இவள் ஏற்கின்றாள் என்னும் உவமையால் வந்த பெயர் என்று அவரே விளக்குகின்றார். மனிதக் கூட்டத்துக்கு இன்றியமையாத தொழில்களுள் இதனை ஒன்றாக எண்ணுகின்றார். தாய்க்கும் பால்குடிக் குழந்தைக்கும் வரும் நோய்களை அறிவதில் தேர்ந்த மருத்துவனினும் இவர்கள் மேம்பட்டவர்கள் என்றும் கூறுகின்றார். ஆங்கிலத்தில் மிட்வைஃப் என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் பெண்ணோடு இருப்பவள் என்பதாம். நம் தமிழோ அவளை மருத்துவச்சி என்று மருத்துவத்தோடு சேர்த்துவிட்டது. ஏற்பது, உடனிருப்பது, மருந்தறிவது ஆகிய மூன்றையும் மூன்று மொழிகள் பங்கிட்டுக்கொண்டதுபோலத் தோன்றுகின்றது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தொழில் குறைபட்டதே.

திருமறையில் அன்னை மர்யம் அவர்களின் பேற்றுவலி பேசப்படும் இடத்தை ஓதுந்தோறும் எனக்கு ஒன்று தோன்றும். ஈச்சமரத்தடியில் தனியே நின்று, இதற்கு முன்பே இல்லாமற் போயிருக்கலாகாதா என்று ஏங்கும் அத்தாய்க்கு முதலில் வந்தது ஒரு குரல். கவலையுறாதே என்னும் ஆறுதல். அதற்குப் பின்னரே நீரோடையும் பழமும் சொல்லப்படுகின்றன. இந்த வரிசையைப் பற்றி விரிவுரை நூல்களில் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று நெடுநாள் எண்ணம், இன்னும் கூடவில்லை.

உடனிருப்பதன் பெருமையைப் பேசுகின்றவன் அதன் கேட்டையும் பேச வேண்டும். இங்கிலாந்தின் வடமேற்கே பாரோ என்னும் கப்பல்கட்டும் நகரின் மருத்துவமனையில் 2004 முதல் 2013 வரை நடந்தவற்றை ஆராய்ந்து, 2015இல் பில் கர்க்கப் என்பவர் தலைமையில் ஓர் அறிக்கை வெளிவந்தது. தக்க கவனிப்பு இருந்திருந்தால் வேறுவிதமாக முடிந்திருக்கக்கூடிய நிலையில் 11 குழந்தைகளும் ஒரு தாயும் இறந்தனர் என்று அது கண்டது. அங்கிருந்த மருத்துவச்சியர் சிலர், என்ன நேரினும் இயல்பான பேறே நடக்க வேண்டும் என்னும் பிடிவாதத்தில் மருத்துவரை அழைக்கத் தாழ்த்தினர் என்பது அதன் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. இந்நிகழ்ச்சியை வீட்டுப் பேற்றுக்கு எதிராக எடுத்துக்காட்டுவோர் ஒன்றைக் கவனிப்பதில்லை: அது நடந்தது மருத்துவமனைக்குள். அறுவை அறைக்கும் அக்கட்டிலுக்கும் இடையே சில அடித் தூரமே இருந்தது. அந்தச் சில அடியைக் கடக்க ஒருவரிடம் ஒருவர் “எனக்குப் போதவில்லை, நீங்கள் வாருங்கள்” என்று சொல்லும் பணிவு வேண்டியிருந்தது, அது இல்லை. பெக்கத்து நான்காம் மாடியில், விடியற்காலையில், “இனி இங்கே ஆகாது” என்று சொன்ன அந்த மருத்துவச்சியிடம் அது இருந்தது. தன் கொள்கையைத் தானே விட்டுக்கொடுக்கத் தெரியாதவளின் கையில் நல்ல கொள்கையும் ஆயுதமாகிவிடுகின்றது. நெறிநூல் பயின்ற எங்களுக்கும் இதில் பாடம் இல்லாமலில்லை.

ஆல்பனி குழுவின் முடிவுக்கு வருகின்றேன். பிறந்த குழந்தைகள் சிலருக்கு உயிர்வளி குறைந்து மூளைக்குத் தீங்கு நேர்ந்தது பற்றி ஐயங்கள் எழுந்தன. மருத்துவமனை வெளியார் ஒருவரைக் கொண்டு ஆய்வு நடத்தச் செய்து, 2009ஆம் ஆண்டின் இறுதியில் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. எண்களை எடுத்துக்கொண்ட முறை சரியன்று என்று அறிஞர் சிலர் மறுத்து எழுதினர். பெற்ற தாய்மார்கள் குழந்தைகளோடு தெருவில் இறங்கி ஊர்வலம் சென்றனர். ஒப்பந்தம் மீளவில்லை.

மருத்துவமனைக்கு ஐயம் எழுந்தபோது வாளாவிருக்க உரிமை இல்லை என்பதை நான் மறுக்கமாட்டேன். ஒரு குழந்தைக்காயினும் தீங்கு நேர்ந்ததென்று கேட்டால் விசாரிப்பதே அறம். என் மனம் ஒவ்வாதது வேறு. எங்கள் ஷாஃபிஈ சட்டத்தில், ஆடவர் காணவியலாத பேறு முதலியவற்றில் நான்கு பெண்களின் சாட்சியம் வேண்டும். ஹனஃபி சட்டத்திலோ மருத்துவச்சி ஒருத்தியின் சொல்லே போதும். எண்ணிக்கையில்தான் கருத்து வேறுபாடு. அந்த அறையில் நடந்ததற்கு அந்த அறையில் இருந்த பெண்ணே சாட்சி என்பதில் இமாம்களுக்குள் வேறுபாடு இல்லை. பெக்கத்தில் 2,500க்கு மேற்பட்ட தாய்மார்கள் அவ்வறையில் இருந்தவர்கள். குழு இருக்க வேண்டுமா, வேண்டாவா என்னும் முடிவு அவர்களைக் கேட்டு எடுக்கப்பட்டதன்று. வசதி படைத்தவர் வாழும் வட்டாரமாக இருந்திருந்தால், திருத்துவோம், மேற்பார்வையை மிகுப்போம், ஆனால் மூடவேண்டாம் என்று ஒரு பேச்சேனும் நீண்டிருக்கும் என்று எனக்குப் படுகின்றது. ஏழைக்கு ஒரு நல்ல பொருள் கிடைத்தால் அது சோதனை முயற்சி எனப் பெயர்பெறுகின்றது. சோதனை என்று பெயரிட்டுவிட்டால் முடிப்பதும் எளிதாகிவிடுகின்றது. 1950இல் மூடப்பட்ட நீச்சற்குள நிலையத்தையும் ஒரு சோதனை என்றே வரலாறு குறிக்கின்றது.

பிறகு 2016இல், கருவுற்றது முதல் பெற்றெடுக்கும் வரை ஒரே மருத்துவச்சி பார்ப்பதை நாடு முழுவதற்கும் கொள்கையாக்க அந்நாட்டு அரசுத்துறை முற்பட்டது. ஆள் போதவில்லை. 2022இல் அதற்குக் குறித்திருந்த கெடு கைவிடப்பட்டது. முப்பத்தாறு தாய்மாருக்கு ஒருத்தி என்னும் கணக்கு, இருக்கின்ற மருத்துவச்சியரைப் பிழிந்து எடுக்கக்கூடியதன்று. ஆளையும் ஓய்வையும் கொடுக்காமல் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது தாய்க்கும் உதவாது, மருத்துவச்சியையும் அழித்துவிடும். இதற்கிடையில், 2019 முதல் 2021 வரையிலான மூன்றாண்டுக் கணக்கின்படி, பேற்றோடு தொடர்புடைய காரணங்களால் இறக்கும் கறுப்பினத் தாய்மாரின் விகிதம் அந்நாட்டில் வெள்ளையரினும் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. அவர்கள் எல்லாரும் மருத்துவமனை வாசலை அறியாதவர்கள் அல்லர்.

இரண்டாம் கடிதம் வந்த சில நாளுக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தேன். உம்மாவிடம், அதுவரை கேட்காததைக் கேட்டேன்: காக்கா பிறந்த இரவில் என்ன நடந்தது? அந்த மருத்துவச்சியை அவர்கள் குறை சொல்வார்கள் என்றே எதிர்பார்த்தேன். உம்மா வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்கள்: “அவ என்ன செய்வா வாப்பா? மஃரிபுக்கே சொல்லிட்டா, இது என் கைல இல்ல, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கண்டு. மழை. ஆத்துல தண்ணி. வண்டி கிடைக்கல. விடிய விடிய என் காலப் பிடிச்சுக்கிட்டு அழுதது அவதான்.”

பெக்கத்துக்கும் கிங்ஸ் மருத்துவமனைக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மைலுக்குள். சாலை உண்டு, ஊர்தி உண்டு.

என் மாணவரின் மகளுக்கு இப்போது இருபது வயது கடந்துவிட்டது. சென்ற மாதம் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். 2004இல் நான் எழுதிய நான்கு வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், வீட்டிலேயே பெற்றிருக்கலாம் என்பது இதன் பொருளன்று என்றும், தங்கள் மனைவியார் அடியில் எழுதிய ஒரு வரிக்கு விடை இவ்வளவு தாமதமானதைப் பொறுத்துக்கொள்ளுமாறு அவரிடம் சொல்ல வேண்டும் என்றும் குறித்திருந்தேன். பதில் மனைவியாரிடமிருந்தே வந்தது. அந்த மருத்துவச்சி குழு கலைந்த பின்னும் இரண்டு மூன்று முறை வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போனாளாம். இப்போது எங்கே இருக்கின்றாள் என்று தெரியவில்லையாம்.